குடித்துவிட்டு விலை பேசுங்கள்

என் மனைவி ரேவதியிடம் பானை வாங்க வேண்டுமென்றால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். நீங்கள் கேட்கிற அதே பானையில் ஊற்றி வைத்து, அவள் கையால் எடுத்துக் கொடுக்கிற தண்ணீர். குடித்த பிறகுதான் விலை பேசுவாள். குடிக்காதவர்களுக்குப் பானை கிடையாது. “உன் பொண்டாட்டி கடை வெச்சிருக்காளா, கோர்ட்டு நடத்தறாளா?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நான் காஞ்சிபுரத்தில் செவிலிமேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இதற்கெல்லாம் நின்று பதில் சொல்ல எனக்கு ஏது நேரம்? ஆனாலும் சொல்லுவேன். கேட்கிற மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பானை என்றதும் சிவப்பாக ஒன்றை நினைத்துக்கொள்ளாதீர்கள். ரேவதியின் பானை கறுப்பு. மை மாதிரி கறுப்பு, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு. அதன் மேல் வெள்ளிக் கம்பி பதித்திருக்கும். கழுத்தைச் சுற்றி ருத்ராட்சம், வயிற்றில் தாழம்பூ ரேக்கு, கீழே மயில்கண். எல்லாம் பட்டுப்புடவை பார்டரில் வருகிற அதே டிசைன்கள்தான். மண்ணில் பார்டர் போடுகிறவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

இது அவளுக்கு யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த தொழில் இல்லை. ரேவதி பிறந்தது ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு காலனியில். பத்தாவதுக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. பக்கத்தில் இருந்த பானைப் பட்டறையில் மண் மிதிக்கப் போனாள். ஏரி மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கல் பொறுக்கி, தண்ணீர் விட்டு, காலால் மிதித்து மிதித்து வெண்ணெய் மாதிரி ஆக்கித் தர வேண்டும். வருடக்கணக்கில் மிதித்தவள் ஒருநாள் சக்கரத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். பட்டறைக்காரர் சிரித்தாராம். பொம்பளை சக்கரத்தைத் தொட்டால் சூளை விளங்காது என்றாராம். அதோடு விட்டிருந்தால் போகட்டும். “அதுலயும் உங்க தெருப் பொண்ணு தொட்டா எவன் அந்தப் பானையில சோறு பொங்குவான்?” என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறார். இவள் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

என்னைக் கல்யாணம் செய்துகொண்டு செவிலிமேட்டுக்கு வந்த பிறகு சரிகைக் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். பழைய பட்டுப்புடவைகளை விலைக்கு வாங்கி, சரிகையை மட்டும் வெட்டி எடுத்து எரிப்பார்கள். பட்டு சாம்பலாகிவிடும். சாம்பலைக் கழுவி உருக்கினால் வெள்ளி நிற்கும். எரிக்கிற வேலை ரேவதிக்கு. நெருப்பில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பார்டரையும் விரித்து வைத்துப் பார்ப்பாளாம். எந்த வீட்டுக் கல்யாணத்துக்கோ, எவரோ மாதக்கணக்கில் தறியில் உட்கார்ந்து நெய்தது. வீட்டுக்கு வந்ததும் சாக்கட்டியால் தரையில் அதை வரைந்து காட்டுவாள். நான் அதன் மேல் நடந்து கலைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வேன். “இது எங்க டிசைனாச்சே” என்று பிற்பாடு அவள் பானையைப் பார்த்து ஒரு நெசவாளி கேட்டார். “ஆமாங்க, உங்க வீட்டுல வித்துட்டீங்க, எரிச்சது நான்தான்” என்றாள். அவர் நல்ல மனிதர். சிரித்துவிட்டு ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்.

மோட்டார் வைத்த பழைய சக்கரம் ஒன்றை அவள் எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்தபோது எனக்குச் சம்மதமில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் எனக்கு ஆட்டோ நிறுத்தத்தான் இடம் இருந்தது. இப்போது ஆட்டோ தெருவில் நிற்கிறது. முதல் சூளையை அவளே கட்டினாள். கொத்தனார் வேலை அவளுக்கு வராது. பானைகள் சிவக்கச் சிவக்க வெந்துகொண்டிருந்த நேரத்தில் சுவர் சரிந்து, பக்கத்தில் வைத்திருந்த உமி மூட்டையும் ஈரமண்ணும் மொத்தமாக மேலே விழுந்து மூடிக்கொண்டன. புகை வெளியே போக வழியில்லை. ஆறிய பிறகு தோண்டி எடுத்துப் பார்த்தால் அத்தனையும் கறுப்பு.

பக்கத்து வீட்டு ஜெயம்மாள் வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள். “கறுப்புப் பானை வூட்டுக்கு ஆவாதுடி. எடுத்துக்கினு போய் ஆத்துல போட்டுடு.”

ரேவதி தன் கையைப் பானைக்குப் பக்கத்தில் நீட்டிக் காட்டினாள். “ரெண்டும் ஒரே கலருதான். அப்போ என்னையும் எடுத்துக்கினு போய் ஆத்துல போட்டுடுவியா?”

ஜெயம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஏனென்றால் ரேவதி சிரிக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இனி கறுப்புத்தான் என்று. அடுத்த சூளையை வேண்டுமென்றே மூடினாள். வெந்து முடிகிற நேரத்தில் உமியையும் வறட்டியையும் கொட்டி, காற்றுப் புகாமல் மண் பூசி அடைப்பாள். ஆறும் வரைக்கும் ஒரு விரல்கடை கூடத் திறக்கக் கூடாது. காற்றுப் பட்ட இடம் சிவந்துவிடும். உமி கொண்டுவருவது என் வேலை. ஆட்டோவில் ஏறுகிற காலேஜ் பிள்ளைகள் உட்கார்ந்த இடமெல்லாம் அரிக்கிறது என்று என்னைத் திட்டுவார்கள். உமியை அள்ளி வந்தவனுக்கு அரிக்காதா?

வெள்ளி பதிக்கிற யோசனை சரிகைக் கொட்டகையிலிருந்து வந்தது. கூலிக்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளியாகவே கேட்டு வாங்கினாள். நகை செய்கிற ஆசாரி ஒருவரிடம் கொடுத்துத் தையல் நூல் பருமனுக்குக் கம்பி இழுத்துக்கொண்டாள். பானை பாதி காய்ந்திருக்கும்போது, தீட்டிய குடைக்கம்பியால் டிசைனைக் கீறி வைப்பாள். சூளையிலிருந்து கறுப்பாக வந்த பிறகு அந்தக் கீறலில் கம்பியை வைத்து, சின்ன மரச் சுத்தியால் தட்டித் தட்டி உட்கார வைப்பாள். எத்தனையோ பானை விரிசல் விட்டு உடைந்திருக்கிறது. உடைந்த பானையின் ஓட்டிலிருந்து கம்பியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டே கெட்ட வார்த்தை சொல்லுவாள். அந்த நேரத்தில் நான் சவாரிக்குக் கிளம்பிவிடுவேன்.

முதல் பானையைக் கேட்டு வந்தது பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ஒரு அம்மா. காரில் வந்தார். பானை ஒழுகுகிறதா என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றி வைப்பது வழக்கம். ஊற்றினாள், ஒழுகவில்லை. வெயிலில் வந்தவராயிற்றே என்று அதிலிருந்தே ஒரு டம்ளர் மொண்டு நீட்டினாள். அந்த அம்மா கையை நீட்டவே இல்லை. பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தார். “இது ஷோவுக்குத்தாம்மா. பூ வெச்சு ஹால்ல வெக்கப் போறேன்” என்றார். ரேவதி பானையிலிருந்த தண்ணீரை முருங்கை மரத்துக்கு ஊற்றினாள். “இது தண்ணி குடிக்கிற பானைங்க. பூ வெக்கறதுக்குக் கடையில கிடைக்கும்” என்று சொல்லி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். கார் போன பிறகு நான் தாம் தூமென்று குதித்தேன். முதல் போணி, இப்படியா திருப்பி அனுப்புவது என்றேன்.

“நான் பண்ண பானை வேணுமாம், நான் மொண்ட தண்ணி வேணாமாம். இன்னா நியாயம்யா இது?” என்றாள். “இனிமே யாரா இருந்தாலும் குடிச்சிட்டு வாங்கட்டும்.”

அதுதான் சட்டமாகிவிட்டது. ஒரு வெள்ளைக்காரப் பெண் மட்டும் வயிற்றைத் தடவிக் காட்டித் தயங்கினாள். அவளுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, பானையில் ஊற்றிக் கொடுத்தாள். “வயித்துக்குப் பயப்படறது வேற, என்னைப் பார்த்துப் பயப்படறது வேற” என்று எனக்கு விளக்கம் சொன்னாள். திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர். ஆனால் குடித்தவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் சொல்லித்தான் ஊரில் பேர் பரவியது.

அப்படி வந்தவர்தான் பிரேம்நாத். பட்டுக்கடை முதலாளி. மூன்று மாடிக்குப் புதிதாக ஒரு கடை கட்டிக்கொண்டிருந்தார். வந்தவுடன் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்து, நன்றாகச் சில்லென்று இருக்கிறது என்று இன்னொரு டம்ளரும் கேட்டார். எனக்கே அவரைப் பிடித்துப் போயிற்று. தன் மகள் கீர்த்திக்குக் கல்யாணம், மண்டபத்து வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் பானகம் கொடுக்கப் போகிறோம், அதற்கு ஆறு பெரிய பானைகள் வேண்டும் என்றார். கரண்டி விட்டு மொள்ள வசதியாக வாய் நல்ல அகலமாக இருக்கட்டும் என்றார். கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் புதுக் கடையில் கீழ்த் தளத்திலேயே ரேவதிக்கு ஓர் இடம், ‘ரேவதி கறுப்புப் பானைகள்’ என்று போர்டு.

போர்டு என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரேவதிக்குப் போர்டு இரண்டாவதுதான். “ஊரே வரும்யா அந்தக் கல்யாணத்துக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். “தறிக்காரங்க, கடைக்காரங்க, கோயில்காரங்க எல்லாம் என் பானையில குடிக்கப் போறாங்க. பட்டறைக்காரரும் வருவாரு. எவன் பொங்குவான்னு கேட்டாரு இல்ல, பார்க்கட்டும்.” இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. இவ்வளவு ஆசைப்படுகிறாளே என்று.

அந்த ஆறு பானைக்காக அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அவ்வளவு பெரிய பானையை அதற்கு முன் அவள் வனைந்ததில்லை. சூளையைப் பெரிதாக்கிக் கட்டினோம், இந்தத் தடவை உண்மையான கொத்தனாரை வைத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு பார்டர். ஒன்றின் டிசைன் இன்னொன்றில் வராது. கண் எரிகிறது என்று ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டு, எழுந்து மறுபடி கம்பி பதிக்க உட்காருவாள். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பானைகளுக்கு வைக்கோல் சுற்றி நானே கொண்டுபோய் இறக்கினேன். வரவேற்பு மேசை மேல் பட்டுத் துணி விரித்து வரிசையாக வைத்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள்.

மறுநாள் இரண்டு பேரும் கல்யாணத்துக்குப் போனோம். பிரேம்நாத் எங்களுக்குப் பத்திரிகை வைத்திருந்தார். ரேவதி கத்தரிப்பூ நிறத்தில் பட்டுக் கட்டியிருந்தாள். வாசலில் கூட்டம். பானகம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர்கூட ஒரு டம்ளரோடு நின்றார். ரேவதி என் கையைக் கிள்ளினாள். “பார்த்தியா?” என்றாள். பிறகு அவளும் போய் ஒரு டம்ளர் கேட்டாள்.

சமையல் காண்டிராக்ட் ஆள் ஒருவன் பானைக்குள் கரண்டியை விட்டான். டங் என்று சத்தம் கேட்டது.

மண்பானையில் அந்தச் சத்தம் வராது. அவள் எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பானைக்குள் கச்சிதமாக ஓர் எவர்சில்வர் டிரம். பானகம் முழுக்க அதற்குள் இருந்தது. அடுத்த பானையைப் பார்த்தாள், அதிலும் டிரம். ஆறிலும் டிரம். வாய் அகலமாக இருக்கட்டும் என்று கேட்டார்களே, அது இதற்கு வசதியாகப் போயிற்று. ஊரே அவள் பானையிலிருந்து குடித்துக்கொண்டிருந்தது, ஒரு சொட்டுக்கூட அவள் பானையைத் தொடாமல்.

“யாருபா இத வெச்சது?” என்று கேட்டாள்.

“பெரியம்மா சொன்னாங்கக்கா. முதலாளியோட அம்மா” என்றான் அவன். அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

நான் ஒரு பானையைத் தூக்கி அங்கேயே போட்டு உடைக்கப் போனேன். ரேவதி என் கையைத் தட்டிவிட்டாள். “ஏன் உடைக்கணும்? அது இன்னா பண்ணுச்சு? டிரம்ம வெளிய எடு.”

அவளே எடுத்தாள். இரண்டு கையையும் உள்ளே விட்டு, பானகம் புடவையெல்லாம் சிந்த, டிரம்மைத் தூக்கி மேசை மேல் வைத்தாள். அதற்குள் பிரேம்நாத் மூச்சிரைக்க ஓடி வந்தார். “ரேவதிம்மா, கொஞ்சம் மெதுவா. சம்பந்தி வீட்டுக்காரங்க பார்க்கறாங்க. பேசிக்கலாம்.”

“நீங்க குடிச்சீங்களே சார், என் வீட்டுல வந்து. ரெண்டு டம்ளர்.”

“நான் குடிப்பேம்மா. எனக்கு அதெல்லாம் கிடையாது. பெரியவங்க இருக்காங்க இல்ல? இன்னிக்கு ஒரு நாள் விட்டுக் குடு. போர்டுக்குச் சொல்லியாச்சு, உன் பேரு எழுதிக்கினு இருக்காங்க.”

அவருக்குப் பின்னால் அவருடைய அம்மா வந்து நின்றார். சாந்தமான முகம். கோபமே இல்லை. “தப்பா எடுத்துக்காதம்மா. மண்பானை கசிஞ்சிடுமேன்னுதான் வெச்சோம். பானை எவ்ளோ அழகா இருக்குது, வர்றவங்க எல்லாம் போட்டோ எடுக்கறாங்க. அது போதாதா உனக்கு?”

“போதாதுங்க” என்றாள் ரேவதி.

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. நாதஸ்வரம் வேறு ஊதிக்கொண்டிருந்தது, கத்தினாலும் யாருக்கும் கேட்டிருக்காது. ஒவ்வொரு டிரம்மாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். காலியான பானைகளை நான் ஒவ்வொன்றாகச் சுமந்து போய் ஆட்டோவில் ஏற்றினேன். யாரும் தடுக்கவில்லை. பிரேம்நாத் கொடுத்திருந்த முன்பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம் என்று அவரிடம் சொன்னேன். நாங்கள் கிளம்பும்போது பட்டுத் துணி மேல் ஆறு எவர்சில்வர் டிரம்கள் மட்டும் நின்றன. அதிலிருந்து குடிக்க ஜனங்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

வழியெல்லாம் நான் கத்திக்கொண்டே ஓட்டினேன். அவள் பின் சீட்டில் பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தால் கன்னமெல்லாம் ஈரம்.

“அழறியா?”

“அழல. கோவத்துல வருது. நீ ரோட்டப் பார்த்து ஓட்டு.”

அழுதாள்தான். வீட்டுக்கு வந்தும் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன் என்றால் உங்களுக்கென்ன? மறுநாள் மண் மிதிக்கத் தொடங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வனைந்த எல்லாப் பானைக்கும் வயிறு பெரிது, கழுத்து நீளம், வாய் சின்னது. ஓர் எலுமிச்சம்பழம் போகும். கரண்டி போகாது. சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும். கழுவக் கஷ்டமாக இருக்கிறது என்றவர்களுக்கு, மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கச் சொன்னாள். உள்ளே எந்தப் பாத்திரத்தையும் இனி எவரும் வைக்க முடியாது. அந்த ஆறு பானைகளையும் அவள் விற்கவில்லை. இரண்டு எங்கள் தெருவில் போகிறவர் வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப்பந்தலில் நிற்கின்றன. மீதி நான்கையும் எங்கள் தெருக் கல்யாணங்களுக்கு வாங்கிப் போகிறார்கள்.

ஆறு மாதம் கழித்து பிரேம்நாத் வந்தார். கார் தெருமுனையில் நின்றது. புதுக் கடை திறந்துவிட்டார்களாம். கல்யாணத்தில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஆள்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். போர்டு எழுதி அப்படியே இருக்கிறது, மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்றார். “அம்மாவும் வந்திருக்காங்க. கார்ல இருக்காங்க. அவங்கதான் உன்னைக் கூப்பிடச் சொன்னாங்க.”

ரேவதி புதுப் பானை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். முழுக்கத் தாழம்பூ ரேக்கு. அவர் தடவிப் பார்த்தார். கையை உள்ளே விடப் பார்த்தார், இரண்டு விரலோடு நின்றுவிட்டது.

“வாய் ரொம்பச் சின்னதா இருக்குதேம்மா. முன்ன மாதிரி அகலமா பண்ணிக் குடேன்.”

“எதுக்குங்க அகலம்? தண்ணி போறதுக்கு இது போதும்.”

அவருக்கு விளங்கிவிட்டது. முகம் சுருங்கியது. ரேவதி பானையைச் சாய்த்து இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். “ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு கார்ல இருக்கறவங்களுக்கு. குடுத்துட்டு வாங்க, விலை பேசலாம்.”

அவர் தன்னுடையதைக் குடித்தார். இன்னொன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காருக்குப் போனார். நான் ஆட்டோ பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து ஏதோ சொன்னார். மறுபடியும் சொன்னார். கண்ணாடி இறங்கவில்லை. திரும்பி நடந்து வந்தார். டம்ளர் நிறைய அப்படியே இருந்தது.

“அம்மாவுக்குத் தாகம் இல்லையாம்” என்றார்.

ரேவதி அந்த டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கினாள். “எனக்கு இருக்குது” என்று சொல்லி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுவதையும் குடித்துவிட்டு, பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.